திரும்பிப் பார்க்காத கரடி

மஞ்சப்பாறைக் காட்டில் தேனப்பன் என்று ஒரு கரடி இருந்தான். இந்தக் கதையின் கடைசியில் தேனப்பன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். அப்போது காடே சிரிக்கும். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் சிரித்தால் செல்லாது. அந்தக் காட்டு மந்திகளே ஒரு மழைக்காலம் முழுக்க வாயில் இலையை அடைத்துக்கொண்டு காத்திருந்தன. நமக்கு என்ன அவசரம்?

முதலில் கரடிகளின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சப்பாறைக் கரடிகள் காலையில் வெளிக்கு இருந்துவிட்டு எழுந்தால், இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எழுந்தோமா, உதறினோமா, நேரே நடந்தோமா, அவ்வளவுதான். “விட்டதைப் பார்க்கிறவன் கரடியில்லை, பன்றி” என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. பன்றிகளுக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம்.

தேனப்பன் இந்த வழக்கத்தில் கறார். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மற்றபடி நல்ல கரடிதான். ஆனால் அவன் தலைக்குள் ஒரு யோசனை புகுந்துவிட்டது. முதலில் அது மூக்கு வழியாகப் புகுந்தது. ஒரு தை மாத வெயிலில் ஆமணக்குச் செடி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். காய்ந்த காய் ஒன்று ‘டப்’ என்று வெடித்தது. உள்ளேயிருந்த விதை பறந்து வந்து அவன் மூக்கு நுனியில் அடித்தது. யார் கல்லெறிந்தது என்று அரைநாள் தேடினான். ஆளே இல்லை.

அடுத்த வாரம் இலந்தைப் பழம் தின்றான். போகும்போது முள் கிழித்தது, வரும்போதும் கிழித்தது. பழத்தின் உள்ளே கொட்டை கல் மாதிரி இருந்தது. கடித்ததில் கடைவாய்ப் பல் ஆடிப்போனது. கொன்றைக் காயை உடைத்தான். தடி மாதிரிக் காய். உள்ளே குறுக்குக் குறுக்காகச் சுவர், அறை அறையாக வீடு. அறைக்கு ஒரே ஒரு விதை, அதைச் சுற்றிக் கறுப்புப் பிசின். எட்டிப் பழத்தின் விதையைச் சும்மா ஒரு நக்கு நக்கினான். கசப்பில் அவன் நாக்கு மூன்று நாள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பூனைக்காலிக் கொடியில் காய்கள் பொன் மயிரோடு பளபளவென்று தொங்கின. அழகாக இருக்கிறதே என்று அள்ளிக் கட்டிக்கொண்டான். அன்று பொழுது சாயும்வரை மரம் மரமாக முதுகைத் தேய்த்துக்கொண்டு ஓடினான்.

நில்லுங்கள். இது சிரிப்பு இல்லை. இது வெறும் அரிப்பு.

அரிப்பு அடங்கியதும் தேனப்பன் உட்கார்ந்து யோசித்தான். அந்த யோசனையைச் சின்னாத்தாளிடம் சொன்னான். சின்னாத்தாள் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்பாள்.

“இந்தா பாரு சின்னாத்தா. ஒண்ணு ஓட்டுக்குள்ள வச்சுக் காக்குது. ஒண்ணு முள்ளுக்குள்ள வச்சுக் காக்குது. ஒண்ணு விஷம் வச்சுக் காக்குது. இம்புட்டுக் காவல் போட்டுக் காக்குதுன்னா, உள்ள இருக்கிறது சும்மா பொருளா இருக்குமா?”

“இருக்காதுங்கண்ணே” என்றாள் சின்னாத்தாள். அதுவரை கரடியின் கணக்கில் தப்பே இல்லை. அதற்குப் பிறகுதான் தடம் மாறியது.

“அப்ப அதை நம்ம வாங்கி வச்சுக் காக்கணும்” என்றான் தேனப்பன்.

அன்றிலிருந்து விதை சேர்க்க ஆரம்பித்தான். இலந்தை, கொன்றை, புளி, குன்றிமணி என்று சரிவில் கிடைத்ததெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டு போய்த் தன் பாறைக் குகையில் குவித்தான். குகை காய்ந்த கல். ஈரம் கிடையாது, மண் கிடையாது. இரண்டு வருடம் ஒரு விதையைக் கீழே விடவில்லை. புளியம்பழம் விழுந்த சத்தம் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவான். அவனிடம் சிக்காமல் போனது எருக்கு மட்டும்தான். அது விதைக்குப் பஞ்சு கட்டிக் காற்றில் அனுப்பிவிட்டது. தேனப்பன் இரண்டு காலில் நின்று, எம்பி எம்பிப் பார்த்து, கடைசியில் திட்டிவிட்டு வந்துவிட்டான். நாயுருவியையும் அவன் சேர்க்கவில்லை. அது அவன் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு அவன் மேலேயே ஊர் சுற்றியது. அவனுக்கு அது தெரியாது.

மூன்றாம் வருடம் சித்திரையில் சரிவில் தீப் பிடித்தது. இரண்டு நாள் எரிந்தது. அணைந்தபோது கரிக்கட்டைகள் நின்றன. இலந்தைப் புதர் இல்லை, கொன்றை இல்லை, புளிய மரம் பாதி உயரத்தில் கரிந்து நின்றது. தேனப்பனின் குகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பாறையை நெருப்பு என்ன செய்யும்?

எரியாமல் தப்பிய ஓடைக்கரையில் எல்லாரும் கூடினார்கள். புள்ளிமான்களின் தலைவன் கொம்பையா பேசினான். மழை வந்தால் புல் தானாக வந்துவிடும் என்றான். ஆனால் புல் மட்டும் வந்தால் அடுத்த கோடையில் அது காய்ந்து, மறுபடி தீ வரும். நிழலுக்கு மரக்கன்று வேண்டும். இந்த மழை முடிவதற்குள் சரிவில் கன்றுகள் தலைகாட்டாவிட்டால், வெட்டவெளியைக் கடந்து மறுகாட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று முடிவாகச் சொன்னான்.

எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னாத்தாள் மட்டும் ஆட்டவில்லை. வெட்டவெளிக்கு அந்தப் பக்கம் தோட்டங்கள். தோட்டங்களில் நாய்கள். புள்ளிமான் நாலு பாய்ச்சலில் தாண்டிவிடும். முயல் அளவு உடம்பும், வயிற்றில் குட்டியுமாக இருக்கிற சின்னாத்தாள் எங்கே பாய்வாள்? அவளால் போக முடியாது. எல்லாரும் போன பிறகு, ஒளிய ஒரு புதர்கூட இல்லாத சரிவில் தனியாக இருக்கவும் முடியாது.

அவள் நேராகத் தேனப்பனிடம் போனாள். குகையில் இருக்கிற விதையில் கொஞ்சம் மண்ணில் போடச் சொல்லிக் கேட்டாள்.

தேனப்பன் பதறிவிட்டான். “தீ வந்தப்ப எது தப்பிச்சுச்சு? வெளியில இருந்தது எல்லாம் போச்சு. நான் காத்ததுதான் இருக்கு. இப்பப் போயி மண்ணுல போடச் சொல்றியே, உனக்கு நல்லாருக்கா?”

அவன் கருமித்தனத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்து சொன்னான். அதனால்தான் அவனிடம் வாதாட முடியவில்லை.

இதைக் கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் கீச்சி. கீச்சி ஒரு மைனா. காட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். சிறுத்தை இருமலை இருமி மந்திகளை மரமேற வைப்பாள். மந்தி மாதிரிக் கத்திச் சிறுத்தையை எழுப்புவாள். ஒரு தடவை கொம்பையாவின் பெண்டாட்டி குரலில் கொம்பையாவைத் திட்டியதில் அவன் மூன்று நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தேனப்பன் அவளை “ஏ குருவி” என்றுதான் கூப்பிடுவான். “மைனா” என்று அவள் திருத்துவாள். “எதுவோ ஒரு குருவி” என்பான். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு.

கீச்சிக்கு ஒரு விஷயம் தெரியும். குகைக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஆலங்கன்று நின்றது. அதை யாரும் நடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ ஆலம்பழம் தின்றுவிட்டு வந்து கீச்சி அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். அது தன் கைங்கரியம் என்று அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிற கைங்கரியம் இல்லை.

அந்தக் கன்றைப் பார்த்தபடி அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இலந்தை காயாக இருக்கும்போது துவர்க்கும். விதை முற்றிய பிறகு பழத்தில் இனிப்பு ஏற்றி, வா வா என்று கூப்பிடும். ஆமணக்குக் கூடு முற்றும்வரை முள்ளைக் காட்டிக்கொண்டு நிற்கும். முற்றிய அன்றைக்குத் தானே வெடித்துத் திறக்கும். அத்தனை காவலும் ஒருநாள் வெளியே அனுப்புவதற்காகத்தான். கரடி காவலைப் பார்த்தான், கதவு திறந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் தேனப்பன் குகை வாசலில் படுத்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தடித்த, புளித்துப்போன, பல்லெல்லாம் கூசுகிற மாதிரியான குரல்.

“வாசல்ல யாரு, தேனப்பனா?”

தேனப்பன் எழுந்து உட்கார்ந்தான். “யாரது உள்ள?”

“புளியங்கொட்டை பேசுறேன்.”

விதை பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் இது விதையின் குரல் இல்லை என்று சொல்லவும் யாருமில்லை. குகையின் பின்பக்கம் ஒரு வெடிப்பு உண்டு என்பதும், அதில் ஒரு மைனா உட்கார முடியும் என்பதும் தேனப்பனுக்குத் தெரியாது.

புளியங்கொட்டை பேசி முடிப்பதற்குள் இலந்தைக்கொட்டை குறுக்கே பாய்ந்தது. படபடவென்று, வார்த்தைக்கு வார்த்தை குத்துகிற குரல் அதற்கு. வெட்கமாக இல்லையா, இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறாயே என்று கேட்டது. கொன்றை விதை கொட்டாவி விட்டபடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. ஒரு யானை இந்தப் பக்கம் வருகிறதாம். யானையின் தும்பிக்கை இந்தக் குகையின் கடைசிவரைக்கும் நீளுமாம். அப்போது பார்த்துத் தொலைவில் ஒரு யானை பிளிறுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அது எந்த வெடிப்பிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தேனப்பன் நடுங்கிப்போனான். “ஐயோ, உங்களை எங்க கொண்டு போயி வைப்பேன்?”

“தும்பிக்கை நுழையாத இடம் ஒண்ணு இருக்கு ராசா” என்றது புளியங்கொட்டை. “உன் வயிறு.”

தேனப்பன் தன் வயிற்றைப் பார்த்தான். பெரிய வயிறு. நல்ல வயிறு. உள்ளே போட்டது எதுவும் வெளியே வந்து அவன் பார்த்ததே இல்லை. பார்த்தால்தானே?

எதிரே கேட்டுக்கொண்டிருந்த மந்திகள், சிரித்தால் குட்டு உடைந்துவிடும் என்று, இங்கேதான் முதல் தடவை வாயில் இலையை அடைத்தன. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

விதைகள் மூன்று கட்டளை இட்டன. தினமும் காலையில் இரண்டு பிடி விழுங்க வேண்டும். கடிக்கவே கூடாது. விழுங்கிய பிறகு ஒரே இடத்தில் படுத்திருக்கக் கூடாது. தாய் மரங்கள் நின்ற இடங்களையெல்லாம் நடந்து போய்க் காட்ட வேண்டும். “ரெண்டு வருசமா இருட்டுல கெடக்கோம். அம்மா நின்ன இடத்தையாச்சும் காட்டு” என்றது இலந்தை. அதைச் சொல்லும்போது மட்டும் அதன் குரலில் குத்தல் இல்லை.

தேனப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் சொன்னபடியே செய்தான். இரண்டு பிடி விழுங்குவான், மேலே கொஞ்சம் கறையான், கொஞ்சம் தேன். பிறகு கரிந்த சரிவெல்லாம் நடப்பான். பட்டுப்போன ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு, “இதுதான் கண்ணுகளா, உங்கம்மா நின்ன இடம்” என்பான். கொஞ்ச நேரம் நிற்பான். மறுநாள் காலையில் அதே வழியில் எங்காவது ஒதுங்குவான். எழுவான், உதறுவான், நேரே நடப்பான்.

கேலி செய்யக் காத்திருந்த கீச்சி, அவன் அந்தக் கரிக்கட்டைகளின் முன்னால் நிற்பதைப் பார்த்துக் கேலியை விட்டுவிட்டாள். தான் விளையாட்டாகச் சொன்னதை அவன் உண்மையாகவே செய்துகொண்டிருந்தது அவளை என்னவோ செய்தது.

நாலாம் நாள் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. அன்று தேனப்பன் குன்றிமணிக் குவியலில் பிடி போட்டான். சிவப்பும் கறுப்புமாக மின்னியது. எல்லா விதையும் ஒரே மாதிரி என்றுதான் அவன் நினைத்தான்.

“அடேயப்பா, பழம் கணக்கா இருக்கே. இதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் கடிச்சுப் பாத்துடுறேன்” என்று கடைவாயில் வைத்தான்.

வெடிப்பிலிருந்து கீச்சி அதைப் பார்த்துவிட்டாள். குன்றிமணி பழம் மாதிரி வேஷம் போடும். முழுசாக விழுங்கினால் ஓடு உடையாமல் முழுசாகவே வெளியே போய்விடும். உடைத்தால் உள்ளே இருப்பது எமன். போன வருடம் ஒரு மான்குட்டி மென்றுவிட்டுச் செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். எந்தக் குரலில் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. புளி, இலந்தை, கொன்றை எல்லாம் மறந்துபோய், தன் சொந்தக் குரலிலேயே கத்திவிட்டாள்.

“தேனப்பண்ணே, கடிக்காதீங்க! துப்புங்க!”

தேனப்பன் பயத்தில் துப்பிவிட்டான். பிறகு காதை நிமிர்த்தினான். “இது அந்தக் குருவி சத்தம் மாதிரில்ல இருக்கு?”

கீச்சி வெடிப்புக்குள் இன்னும் உள்ளே நகர்ந்தாள். பிறகு ஒரு மெல்லிய, மினுக்கான குரல் வந்தது. “நாங்க குன்றிமணிங்க. குருவிங்க கூடவே வளர்ந்தோம். பேச்சும் அப்படித்தான் வரும்.”

“ஓ” என்றான் தேனப்பன்.

“நாங்க காவக்காரப் பசங்க. எங்களை உள்ள கூப்பிடாதீங்க. வாசல்ல போடுங்க, பாத்துக்கறோம்.”

தேனப்பன் அவற்றை அள்ளிக் குகை வாசல் மண்ணில் போட்டான். கீச்சி வெடிப்பிலிருந்து பறந்து போய், ஓடையில் தண்ணீர் குடித்து, அன்று முழுக்க வேறு யார் குரலிலும் பேசவில்லை.

ஆனி கடைசியில் மழை இறங்கியது. அதற்குள் குகை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. தேனப்பன் மட்டும் உலகத்திலேயே பெரிய பணக்காரன் மாதிரி நடந்தான். ஆடி போனது, ஆவணி போனது. மழை நாளில் அவன் குகையை விட்டு அதிகம் நகரவில்லை. யாராவது எதிர்ப்பட்டால் வயிற்றைத் தட்டிக் காட்டி, எல்லாம் பத்திரம் என்பான். மந்திகள் இலையைக் கடித்தபடி மரத்தின் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். கொம்பையாகூட ஒரு தடவை இருமுவது போல நடித்து நழுவினான்.

சின்னாத்தாள் மட்டும் சிரிப்பை அடக்கப் பாடுபடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தினமும் சரிவுக்குப் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆடியில் புல் மட்டும்தான் இருந்தது. ஆவணி முதல் வாரத்திலும் புல் மட்டும்தான். பிறகு ஒருநாள் போனவள் திரும்பி வர நேரமாகியது. வந்ததும் ஓடைக்கரையில் படுத்து, ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

புரட்டாசியில் மழை வெறித்த ஒரு காலை. தேனப்பன் பழைய வழியில் நடந்தான். கால் எதிலோ தடுக்கியது. குனிந்து பார்த்தான். கரிந்த கட்டையின் பக்கத்தில் கைப்பிடி அளவு இடத்தில் பத்துப் பன்னிரண்டு கன்றுகள் நெருக்கியடித்து நின்றன. கொன்றையும் இலந்தையும் கலந்து, நடுவில் புளி. மூன்று வகையும் ஒரே இடத்தில். அடுத்த கட்டைக்குப் போனான். அங்கேயும் ஒரு கொத்து. அடுத்ததிலும். அவன் குகை வாசலுக்கு அவசரமாகத் திரும்பினான். அங்கே குன்றிமணிக் கொடி பாறையில் ஏறத் தொடங்கியிருந்தது.

“யாரோ என்கிட்டேருந்து திருடி நட்டிருக்காங்க” என்றான் தேனப்பன்.

“எங்கேருந்துங்கண்ணே திருட முடியும்?” என்று கேட்டாள் சின்னாத்தாள். அவள் பக்கத்தில் கடுகு மாதிரி ஒரு குட்டி நின்றது. இரண்டு நாளைக்கு முன்னால், கன்றுகளின் மறைவில்தான் பிறந்தது. “குகை காலி. எல்லாம் உங்க வயித்துல இருக்கு. வயித்துக்குள்ள கை விட்டா எடுத்தாங்க?”

தேனப்பன் உட்கார்ந்தான். யோசித்தான். யோசித்தால் அவனுக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ஒரு கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினான். முடிந்தது. எழுந்தான், உதறினான், நேரே நடந்தான்.

இரண்டடி வைத்தவன் நின்றான்.

மரத்தில் மந்திகள் இலையைக் கெட்டியாகக் கடித்தன. கொம்பையா மெல்வதை நிறுத்தினான். மஞ்சப்பாறைக் கரடிகளில் அதுவரை யாரும் செய்யாத காரியத்தைத் தேனப்பன் செய்தான். கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்தான்.

கடைசியாக விழுங்கியதில் எங்கேயோ தங்கிப்போன ஒரு புளியங்கொட்டை, கழுவி வைத்த மாதிரி, காலை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

தேனப்பன் கொட்டையைப் பார்த்தான். பக்கத்துக் கன்றைப் பார்த்தான். பிறகு தலையை மெல்ல உயர்த்திச் சரிவைப் பார்த்தான். கரிந்த மேட்டில் ஒரு பச்சைத் தடம் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு கட்டையிலும் நின்று, நின்று, மறுபடி ஏறியது. அவன் நடந்த தடம். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

“அப்ப...” என்றான். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். “அப்ப அந்தப் புளியங்கொட்டை பேசினது...”

மேலே ஆலங்கன்றிலிருந்து தடித்த, புளித்துப்போன, பல் கூசுகிற குரல் ஒன்று வந்தது. “நான்தான் ராசா.”

இப்போது சிரிக்கலாம். மந்திகள் இலையைத் துப்பிவிட்டு மரத்திலிருந்து உருண்டன. கொம்பையா கொம்பு தரையில் படச் சிரித்தான். பன்றிகள் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, பல தலைமுறைச் சிரிப்பைச் சேர்த்துச் சிரித்தன. தேனப்பன் யாரையும் பார்க்கவில்லை. சின்னாத்தாளின் குட்டி புளியங்கன்றின் நிழலில், அது அரைச் சாண் நிழல்தான், உடம்பைச் சுருட்டிப் படுத்திருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தக் கடைசிக் கொட்டையின் மேல் காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினான். தலையைத் தூக்கினான்.

“ஏ மைனா” என்றான்.

விதையைக் காப்பது பூட்டி வைப்பதற்காக அல்ல, தக்க நேரத்தில் விட்டுவிடுவதற்காகத்தான்.